பறவை இல்லாத சிறகுப் பை

மாத்தளையில் ஆப்பிரிக்கத் துணியைக் குழந்தைக் கவுனாக்கிய முதல் ஆள் நான்தான். வேறு யாராவது தாங்கள்தான் என்று சொன்னால் நம்பாதீர்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பன்னிரண்டு வயதில் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன், கால் இன்னும் நிற்கவில்லை. படித்த பிள்ளைகள் கணினியில் படம் போட்டு உடுப்பு வடிவமைக்கிறார்களாம். நான் துணியைத் தரையில் விரித்துவிட்டு அதைச் சுற்றி நடப்பேன். மூன்றாவது சுற்று முடிவதற்குள் கவுன் எங்கே இருக்கிறது, குஷன் உறை எங்கே இருக்கிறது, மிச்சத்தில் சுவரில் தொங்கவிட என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

இதை எழுதுவதும் நானேதான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் திருத்துகிறேன் என்று சொல்ல வந்ததையே மாற்றிவிடுவாரோ என்று சந்தேகம். அதனால் இன்னொரு பிரதியை எழுதி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

என் மகன் கென்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். சில வருஷங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு துணிக்கட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். ஒன்றில் வால் பிளந்த குருவிகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, சிறகை விரித்துக்கொண்டு. மற்றதில் கண்கள். வெறும் கண்கள். மஞ்சளும் நீலமும் கறுப்புமாகக் கண்ணைப் பறித்தன.

"எத்தன யார்?" என்று துணியின் நீளத்தைக் கேட்டேன்.

"ஆறு யார்ம்மா. அங்க அப்புடித்தான் விப்பாங்க."

ஆறு யார் என்றால் எனக்குச் சேலைதான் ஞாபகம் வரும். சேலை என்றே நினைத்துக் கட்டிப் பார்த்தேன். மெழுகு ஏறிய துணி, மொறமொறவென்று நின்றது. கொசுவம் விசிறி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்க, மகன் சுவரில் சாய்ந்து சிரித்தான். "சேலை இல்லம்மா, கிட்டெங்கே. அங்க எல்லாரும் சட்டை தைப்பாங்க."

அவன் சிரித்ததில் எனக்குச் சந்தேகம் வந்தது. தாய்க்குத் தள்ளுபடியில் வாங்கிய கழிவுத் துணியோ? ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். சாம்பலாக உதிர்ந்தது. பிளாஸ்டிக் கலந்திருந்தால் உருண்டையாகச் சுருண்டிருக்கும். ஒரு மூலையை நனைத்து என் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தேன். சாயம் ஒட்டவில்லை. திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே. பத்திக் துணி செய்கிற ஊரில் வாழ்கிறவள் நான். மெழுகு வைத்துச் சாயம் போட்டால் இரண்டு பக்கமும் ஊறும் என்பது எனக்குத் தெரியும். உள் எது வெளி எது என்று தெரியாத துணி. அப்படிப்பட்ட மனிதர்களை நான் நம்ப மாட்டேன், ஆனால் துணிக்கு அது நல்ல குணம்.

முதலில் குருவித் துணியில் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைத்தேன். இந்தத் துணியில் கஷ்டம் என்னவென்றால் படம் பெரிது, பிள்ளை சிறிது. கண்டபடி வெட்டினால் முன்பக்கம் ஒரு வாலும் பின்பக்கம் தலையில்லாத உடம்பும்தான் வரும். நான் ஒரு முழுக் குருவியைப் பாவாடைப் பகுதியின் நடுவில் உட்கார வைத்தேன். பிறகு இன்னொரு குருவியின் இரண்டு சிறகுகளையும் தனியாக வெட்டி, முதல் குருவியின் சிறகுகள் மேல் கோடு பிசகாமல் பொருத்தி, இரண்டு பைகளாக்கினேன். பார்த்தால் பை இருப்பதே தெரியாது. பிள்ளை கையை நுழைத்தால் குருவி சிறகுக்குள் கையை வைத்த மாதிரி இருக்கும். சாய்வாக வளைந்து, நுனி கூர்ந்த பை. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தலையில் இருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு மகன் ஊருக்கு வருகிறவர்கள் கையில் அந்தத் துணியை அனுப்பிக்கொண்டே இருந்தான்.

கண் துணியைத்தான் எந்தத் தாயும் தொடவில்லை. "என்னாங்க, புள்ள மேல இத்தன கண்ணா? ஊர்க் கண்ணே பத்தாதா?" என்றாள் ஒருத்தி. மூன்று நாள் யோசித்தேன். ஊர் முழுக்க வாசலில் திருஷ்டிக்குப் பூசணி தொங்குகிறது, அரக்கன் மூஞ்சி தொங்குகிறது. ஒற்றைக் கண்ணை வட்டமாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் சிவப்புக் குஞ்சம் கட்டி வாசலில் தொங்கவிட்டேன். அடுத்த வாரமே எதிர் வீட்டுக்காரி ஒன்று கேட்டாள். அம்மன் கோவில் தேர்த் திருவிழா வருவதற்குள் எங்கள் தெருவில் பாதி வாசல்களில் கென்யாக் கண்தான் காவல் காத்தது. பிள்ளை மேல் இருந்தால் கெட்ட கண், வாசலில் இருந்தால் நல்ல கண். இதைப் பிடிக்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

இந்த வேலை முழுவதையும் நான் ஒருத்தி செய்தேன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் கைத்தையல் எல்லாம் இன்னொருத்தியுடையது. மலைச்சரிவு லயத்து வீட்டிலிருந்து பத்தொன்பது வருஷமாக என்னிடம் வேலைக்கு வருகிறவள். ஐம்பது வயது. என்னை அக்கா என்பாள், நான் அவளைப் புள்ள என்பேன். பொத்தான் துளை, பை ஓரம், கழுத்து மடிப்பு எல்லாம் அவள் ஊசிதான். சிறகுக் கோட்டைக் கோட்டோடு பொருத்துவதும் அவள்தான். என் கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் போனால் என் கடை போச்சு என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெட்டும் வேலை என்னுடையது. துணியின் மேல் வைத்து வெட்டுகிற கடதாசி அளவை நாங்கள் பேட்டன் என்போம். முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, பைக்கு ஒன்று. சீமெந்துப் பையின் உள் கடதாசியில் வெட்டி வைத்திருப்பேன். பார்சல் கட்டும் வேலையும் என்னுடையதுதான், அதை யாரும் தொட விடமாட்டேன். கலேவெலயில் ஒரு உடுப்புக் கடைக்கு மாதம் ஒரு முறை பஸ்ஸில் கண்டக்டர் கையில் பத்துப் பன்னிரண்டு கவுன் அனுப்புவேன். ஒவ்வொரு கவுனையும் விறைப்பாக மடிக்க உள்ளே ஒரு கடதாசி வைப்பேன். அதற்கென்று நான் அட்டை வாங்கியதே கிடையாது. கடையில் கிடக்கும் பழைய கடதாசி போதும். எதையும் வீணாக்காமல்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன்.

கடைக்காரியை நான் பார்த்ததில்லை. ஒரு நோன்புப் பெருநாளுக்கு அவள் அதே கண்டக்டர் கையில் ஒரு கிண்ணம் வட்டலப்ப இனிப்பு அனுப்பியிருந்தாள். எதற்கு அனுப்புகிறாள்? என்ன எதிர்பார்க்கிறாள்? நான் தொடவில்லை. தையல்காரி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, உசுரோடதான் இருக்கேன்" என்றாள்.

போன வருஷம் ஒருநாள் மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கலேவெல பஸ்ஸிலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு இறங்கினாள். பிள்ளை கட்டம் போட்ட சாதாரணத் துணியில் கவுன் போட்டிருந்தது. அதில் இரண்டு பைகள். சாய்வாக வளைந்து, நுனி கூர்ந்து.

அந்த வளைவு குருவியின் சிறகுக்காக நான் போட்டது. கட்டம் போட்ட துணியில் அதற்கு என்ன வேலை? குருவி இல்லாமல் சிறகு மட்டும் எங்கிருந்து வந்தது?

சிங்களத்தில் அந்தத் தாயிடம், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கலேவெலயில் என்று ஒரு கடையைச் சொன்னாள். என் கவுன் போகிற அதே கடை.

என் கவுனைப் பிரித்து அளவெடுத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பிரித்து எடுத்த அளவு கொஞ்சமாவது கோணும். அந்தக் கட்டத் துணிக் கவுனில் வளைவு என் கையால் போட்ட மாதிரியே இருந்தது. பேட்டன் வெளியே போகிறது. கடையில் இருப்பது இரண்டு பேர். நான் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். நான் வெட்டும்போது என் கையையே ஏன் பார்க்கிறாள்? மத்தியானம் ஏன் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கிறாள்? போனில் யாரோடோ பேசும்போது ஏன் வாசலுக்குப் போகிறாள்? அவள் கைகழுவப் பின்னால் போகிற நேரத்தில் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். சோற்றுப் பெட்டி, வெற்றிலைப் பை, குடை, மூக்குக் கண்ணாடிக் கூடு. கடதாசி எதுவும் இல்லை. இல்லாததே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கெட்டிக்காரி பையிலா கொண்டுபோவாள்?

அதனால் ஒரு பொறி வைத்தேன். பேட்டனில் பை எங்கே உட்கார வேண்டும் என்று காட்ட ஊசியால் துளை போட்டிருப்போம். நாலு வயது அளவுக்குப் புதிதாக ஒரு முன்பக்கம் வெட்டி, இடப் பக்கத்துத் துளைகளை மட்டும் ஒரு பெருவிரல் அகலம் கீழே இறக்கிப் போட்டேன். அதை வைத்து ஆறு கவுன் வெட்டி, துளை பார்த்துப் பை வைக்கப் பேட்டனோடு அவளிடம் கொடுத்தேன். கலேவெலயில் பை இறங்கிய கவுன் வந்தால், அது என் கவுனைப் பார்த்தோ என் கடதாசியைப் பார்த்தோ வந்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் தைத்துக் கொடுத்த ஆறு கவுனிலும் இரண்டு பைகளும் நேராக இருந்தன. சிறகு சிறகோடு, கோடு கோட்டோடு. ஒன்றுகூட இறங்கவில்லை.

பார்த்தீர்களா, எவ்வளவு உஷார் என்று நினைத்தேன். பொறியைக் கண்டுபிடித்துவிட்டாள்! ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, "அக்கா, இது கோணலா இருக்கு" என்று சொல்லவுமில்லை. குற்றம் உள்ளவள்தான் இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பாள். வேலை முடிந்ததும் அந்தப் பேட்டனை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து யாருக்கும் சொல்லாமல் கலேவெலக்குப் பஸ் ஏறினேன். தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறிகள் வழியெல்லாம் முந்திக்கொண்டு போயின. கடை வாசலில் வரிசையாகக் கவுன்கள் தொங்கின. என்னுடைய குருவிகள் இரண்டு, அவற்றுக்குப் பக்கத்தில் கட்டத் துணியில் நாலு. நாலிலும் வலது பை மேலே, இடது பை பெருவிரல் அகலம் கீழே.

என் கவுனில் இல்லாத பிழை. என் கடதாசியில் மட்டும் இருந்த பிழை.

உள்ளே போனால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று போகவில்லை. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். வழியெல்லாம் ஒரு சந்தோஷம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் கள்ளி என்று தெரிந்ததைவிட நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை அவள் வந்து விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"புள்ள, கலேவெலயில உனக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாதுங்களே. ஏன்க்கா?"

"என் பேட்டன் அங்க எப்புடிப் போச்சு?"

விளக்குமாறு கையிலேயே நின்றது. "என்னாக்கா சொல்றீங்க?"

"நடிக்காத. எடது பை எறங்குன பேட்டன் இந்தக் கடையில ஒண்ணுதான் இருந்திச்சு. அத உன் கையிலதான் குடுத்தேன். அது இப்ப அங்க தொங்குது."

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "அப்ப அது நீங்க வேணும்னே போட்டதா?"

"ஆமா. உன்னப் புடிக்க."

"நான் அக்காவுக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு வருஷமா நீங்க போடுற தொள கோணித்தான் வருது. கழுத்து ஒரு பக்கம் எறங்கி வருது. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு நானே நேராக்கித் தச்சுக்கிட்டிருக்கேன். இதுவும் அப்புடித்தான்னு நெனச்சேன்."

"பொய்."

"பொய்யா? சரி. என் பைய நீங்க தெறந்து பாக்குறதும் பொய்யா? வெத்தலைப் பைய மேல வச்சிட்டுப் போவேன். வந்து பாத்தா அடியில கெடக்கும். கலேவெல கடைக்காரங்ககிட்டயே போய்க் கேளுங்க, என் மூஞ்சியப் பாத்திருக்காங்களான்னு."

ஊசி குத்தாமல் நடுவிரலில் மாட்டும் பித்தளைத் தொப்பியை எப்போதும் மடியில் செருகி வைத்திருப்பாள். அதை எடுத்து என் வெட்டு மேசையில் வைத்தாள். தன் பையை எடுத்துக்கொண்டாள். போய்விட்டாள். தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கிற மாதிரி நேராக, வேகமில்லாமல் நடந்து போனாள்.

போகட்டும் என்று உட்கார்ந்தேன். தேருக்குப் பதினாறு கவுன் சொல்லியிருந்தார்கள். இவள் பிறப்பதற்கு முன்பே ஊசி பிடித்தவள் நான், எனக்குத் தெரியாத தையலா?

நூல் கோக்கவே பத்து நிமிஷம் ஆனது. ஒரு பொத்தான் துளையைப் போட்டு முடித்துத் தடவிப் பார்த்தால் அது பிள்ளை கடித்துவைத்த மாதிரி இருந்தது. சரி, கைத்தையல்தான் வரவில்லை, வெட்டு இருக்கிறதே என்று அடுத்த கவுனுக்கு முன்பக்கத்தை வெட்டினேன். வழக்கம் போல் நடுவில் மடித்து இரண்டு ஓரத்தையும் சேர்த்தேன். இரண்டு தோளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை. கழுத்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பொறி எதுவும் வைக்காமல் என் பாட்டில் வெட்டிய துணி அது.

இன்னொன்று வெட்டினேன். அதுவும் அப்படியே.

வாசலில் தொங்கிய கென்யாக் கண் காற்றில் சுற்றிச் சுற்றி என்னைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாக இருந்தது. என் கண் கெட்டுப்போயிருக்கலாம், அதற்காகக் கடதாசி தானாகக் கலேவெலக்கு நடந்து போகாது. கண் விஷயத்தில் அவள் சொன்னது உண்மையென்றால், மற்றதும் உண்மையா என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

இந்த முறை கடைக்குள்ளேயே போனேன். கடைக்காரி முப்பது முப்பத்தைந்து வயது முஸ்லிம் பெண். கடைக்குப் பின்னால் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமி! நீங்களா? வாங்க, வாங்க. வாறீங்கன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா சோறாக்கி வச்சிருப்பேனே."

"சோறு இருக்கட்டும். வாசல்ல தொங்குற கட்டக் கவுன் யாரு வெட்டுனது?"

"நான்தான். நல்லாருக்கா?"

"பேட்டன் யாரு குடுத்தா?"

அவள் சிரித்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "என்னா மாமி, குடுத்தவங்களே கேக்குறீங்க? கவுனுக்குள்ள வச்சு நீங்கதானே அனுப்புறீங்க."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவள் உள்ளே போய் ஒரு கடதாசிக் கட்டைக் கொண்டுவந்தாள். ரிப்பன் கட்டியிருந்தது. மடிப்பு போக இஸ்திரி போட்டிருந்தாள். சீமெந்துப் பைக் கடதாசி. ஓரமெல்லாம் ஊசி குத்திக் கிழிந்து, இனி வேண்டாம் என்று நான் ஒதுக்கிய பேட்டன்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, சிறகுப் பை.

கவுன் மடிப்பு விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கடதாசி! பழைய பேட்டனை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். எனக்கு அது வெறும் கடதாசி. என் கையால், வேறு யாரையும் தொட விடாமல், கயிறு போட்டு முடிந்து, கண்டக்டரிடம் கவனம் என்று சொல்லி நானே அனுப்பியிருக்கிறேன்.

"மொதல்ல ஒரு முன்பக்கம் வந்திச்சு மாமி. அடுத்த மாசம் பின்பக்கம். கை வார வரைக்கும் நாலு மாசம் காத்துக்கிட்டிருந்தேன். வாப்பாக்கிட்ட சொன்னேன், இந்தக் காலத்துல தொழில ஒளிக்காம அனுப்புற மனுஷி ஒருத்தி மாத்தளையில இருக்காங்க வாப்பான்னு. அதுக்குத்தானே பெருநாளைக்கு வட்டலப்பம் அனுப்பினேன். கண்டக்டர் தந்தாரா? நல்லா இருந்திச்சா?"

"நல்லா இருந்திச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கடைசியா வந்ததுல எடது பை எறங்கி இருந்திச்சு. புது மோடலாக்கும்னு அப்படியே தச்சேன். அதத்தான் எல்லாரும் கேட்டு வாங்குறாங்க." அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "அது எப்புடி மாமி உங்களுக்கு ஐடியா வந்திச்சு?"

பாராட்டு யார் தலையில் விழுந்தாலும் ஏற்றுக்கொள்கிறவள் நான். அன்று என்னால் முடியவில்லை.

அந்தக் கட்டை இரவல் கேட்டேன். என் கடதாசியை நானே இரவல் கேட்டேன். அவள் தந்தாள். ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், வெளிச்சம் இருக்கும்போதே மலைச்சரிவு ஏறினேன். முழங்கால் வலித்தது. வழியில் மூன்று பேர் "எங்கக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். இவர்களுக்கு ஏற்கனவே விஷயம் தெரிந்திருக்குமோ என்று மூன்று பேரையும் சந்தேகப்பட்டேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. வாங்க என்று மட்டும் சொன்னாள். நான் கட்டை அவள் முன்னால் வைத்தேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கிழிந்த ஓரங்களை, ஊசித் துளைகளை, நாலாக மடித்த தடத்தை. அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது.

"கவுனுக்குள்ள வைக்கிற கடதாசி" என்றாள்.

"ம்."

"பார்சல் கட்டுறது யாரு?"

அவள் வாய் கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியவில்லை. சிரித்தாள், ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. "நான் கட்டிக்குடுக்கவான்னு எத்தன தடவ கேட்டேன்? கட்ட உட்டீங்களா?"

மன்னித்துக்கொள் என்ற சொல் எனக்கு வராது. யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. "தேருக்குப் பதினாறு கவுன் கெடக்கு" என்றேன். அவள் சுளகைக் கையில் எடுத்தாள். "கழுத்து எல்லாம் கோணித்தான் வருது" என்றேன். அவள் அரிசியைப் புடைத்தாள். கடைசியில் மடியிலிருந்து பித்தளைத் தொப்பியை எடுத்து அரிசிச் சுளகின் ஓரத்தில் வைத்தேன். "உன்னத் தவிர வேற யாருக்கும் என் கண்ணப் பத்தித் தெரியாது. நானும் யாருக்கும் சொல்லல, நீயும் சொல்லல. ரெண்டு வருஷமா நீ சொல்லல. அது எனக்கு இப்பத்தான் விளங்குச்சு."

வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"வாறேன். ஆனா ஒண்ணு."

"என்னா?"

"இத்தன நாளா என் பைய எனக்குத் தெரியாம பாத்தீங்க. இனி ஒவ்வொரு நாளும் போறப்ப மேசையில கொட்டுவேன். எனக்கு முன்னால பாக்கணும். பாத்துட்டு 'சரி, போ'ன்னு சொல்லணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"அதெல்லாம் வேணாம் புள்ள."

"வேணும்."

அப்படித்தான் நடக்கிறது. தேர் முடிந்து மாதங்கள் போய்விட்டன. இப்போது துளை போடுவது அவள், பார்சல் கட்டுவதும் அவள். கலேவெலக்காரிக்குக் கடதாசி நின்றுவிட்டது, அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கவுனுக்குள் அட்டை வைக்கிறோம், காசு கொடுத்து வாங்கிய அட்டை. துணியைச் சுற்றி நடப்பது மட்டும் இன்னும் நான்தான். வடிவம் என்னுடையது, அதை யாரும் மறுக்க முடியாது.

தினமும் சாயந்தரம் அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். சோற்றுப் பெட்டி உருளும். குடை விழும். வெற்றிலைப் பை, கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட்டுகள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒவ்வொரு நாளும் தண்டனைதான், அது அவளுக்குத் தெரியும்.

நேற்று அந்தக் குவியலில் ஒரு கடதாசி இருந்தது. சீமெந்துப் பைக் கடதாசி, நாலாக மடித்தது. என் கடையில் கிடப்பது போன்றதேதான். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். எடுத்து மறைக்கவில்லை, இது இன்னது என்று சொல்லவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விரல் நுனி அரித்தது. கருவாடு சுற்றியதாக இருக்கலாம், ஆனால் கருவாட்டு வாசனை வரவில்லை. அவள் பேரப்பிள்ளையின் புத்தகத்துக்கு உறை போடவோ? அதற்கு ஏன் நாலாக மடிக்க வேண்டும்?

"சரி, போ" என்றேன்.

எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போட்டாள். கடதாசியைக் கடைசியாகப் போட்டாள், மெதுவாக. இன்று காலை எட்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அது என்ன கடதாசி என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாசனை வரவில்லை, அதுதான்.